நரம்புக் காயத்துக்குள் எந்த ஜெல்லைச் செலுத்துவது?

அடையாறு, கிண்டி, காட்டாங்குளத்தூர் என்று சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் ஆய்வகங்களில் வருடாவருடம் சில மாணவர்களாவது நரம்புச் சீரமைப்பை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். சேர்ந்த முதல் வருடத்துக்குள் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ஊசி வழியாகக் காயத்துக்குள் செலுத்தப்போகும் பொருள் எது? கொலாஜனா (தோலிலும் தசைநாணிலும் உள்ள புரதம்), ஃபைப்ரினா (ரத்தம் உறையும்போது உண்டாகும் புரத இழை), ஹயலுரானிக் அமிலமா (திசுக்களில் இயல்பாக உள்ள நீளமான சர்க்கரைச் சங்கிலி), கைட்டோசானா (இறால் ஓட்டிலிருந்து எடுப்பது), பெப்டைடா (குட்டையான புரதத் துண்டு)? பெரும்பாலும் சீனியர் எதில் வேலை செய்தாரோ அது, இல்லையென்றால் ஃப்ரிட்ஜில் எந்தப் பாட்டில் மீதி இருக்கிறதோ அது என்று முடிந்துவிடுகிறது. எலிப் பரிசோதனைக்குப் போகும் மூன்றாம் வருடத்தில்தான் பொருத்தமில்லாததை எடுத்துவிட்டோம் என்று தெரியவருகிறது. அதற்குள் பணமும் காலமும் போய்விடும். சில உயிர்களும்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் காயம் என்று முடிவு செய்யாமல் எந்த ஜெல் என்று முடிவு செய்யக் கூடாது. கையிலோ காலிலோ நரம்பு அறுந்து உண்டாகும் இடைவெளி வேறு, நசுங்கிய தண்டுவடத்துக்குள் விழும் குழி வேறு. முதலாவதற்கு ஃபைப்ரின், இரண்டாவதற்கு ஹயலுரானிக் அமிலம் என்பது என் தேர்வு. மற்றவற்றை ஏன் தள்ளுகிறேன், எவற்றை அரைமனதோடு தள்ளுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் காயம்

பைக்கில் விழுந்து தோள்பட்டையின் நரம்புப் பின்னல் கிழிந்தவர், கண்ணாடி கிழித்து மணிக்கட்டு நரம்பு அறுந்தவர், மெஷினில் கை மாட்டியவர். ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்களுக்கு வருவது இப்படிப்பட்ட காயங்கள். இவை புற நரம்புகள், மறுபடி வளரக்கூடியவை. அறுபட்ட இடத்துக்கு அப்பால் இருக்கும் நார்கள் சிதைந்துபோகும். அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்து 1850-இல் விவரித்தது இந்தச் சிதைவைத்தான். நரம்பு நார்களைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களும், கழிவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் சேர்ந்து அந்தக் குப்பையை அகற்றுகின்றன. அப்புறம் ஷ்வான் செல்கள் நீளவாக்கில் வரிசை கட்டி நின்று, புதிதாக வரும் ஆக்ஸானுக்கு, அதாவது நரம்புச் செல்லின் நீண்ட இழைக்கு, பாதை போட்டுக் கொடுக்கின்றன. மனிதரில் ஆக்ஸான் ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். தோளில் அறுந்தது விரல்வரை போய்ச் சேர ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். ஆனால் நரம்புத் தொடர்பு இல்லாத தசை 12 முதல் 18 மாதங்களுக்குள் மீட்க முடியாத அளவுக்கு நலிந்துவிடும். ஆகவே புற நரம்பில் நாம் போராடுவது காலத்தோடும் தூரத்தோடும்.

இடைவெளி இல்லையென்றால் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். இழுத்துத் தைக்க முடியாத அளவுக்கு இருந்தால் காலிலிருந்து சூரல் நரம்பை எடுத்து ஒட்டுப் போடுவார்கள். பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போவதை நோயாளி ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். 3 செ.மீ.க்குக் குறைவான இடைவெளிகளுக்குக் குழாய் வைக்கும் வழியும் உண்டு. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நியூராஜென் கொலாஜன் குழாய், ஜெர்மனியிலிருந்து வரும் ரியாக்சான் கைட்டோசான் குழாய் இரண்டும் அப்படிப்பட்டவை. ஊசி வழி ஜெல்லுக்கு இங்கே இருக்கும் முக்கியமான வேலை, அந்தக் குழாயின் உட்புறத்தை நிரப்புவது.

தண்டுவடம் அப்படியே நேர்மாறு. பெரும்பாலானவர்களுக்கு அது வெட்டுப்படுவதில்லை, நசுங்குகிறது. மேலுறை முழுதாக இருக்க, உள்ளே திசு செத்து, வாரக்கணக்கில் கரைந்து, நீர் கோத்த குழியாகிறது. குழியின் ஓரத்தில் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச் செல்கள் வடு கட்டுகின்றன. அந்த வடுவில் காண்ட்ராய்டின் சல்ஃபேட் புரோட்டியோகிளைகான்கள் என்ற, சர்க்கரைச் சங்கிலி கோத்த புரதங்கள் இருக்கின்றன, சிதைந்த மையலினில் (நரம்பு நாரின் கொழுப்புறையில்) நோகோ-ஏ போன்ற புரதங்கள் இருக்கின்றன. எல்லாமே ஆக்ஸானைத் தடுத்து நிறுத்துபவை. புற நரம்பில் குப்பை அள்ளி வழிவிட்ட ஷ்வான் செல்கள் போல இங்கே யாரும் இல்லை. குழியின் வடிவமும் ஆளுக்கு ஆள் மாறும். அளவெடுத்து வெட்டிய திடப்பொருளை உள்ளே வைக்கத் தண்டுவடத்தைத் திறந்தால், மிச்சம் இருக்கும் நல்ல நார்களுக்கும் ஆபத்து. திரவமாகப் போய், குழியின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, உள்ளேயே ஜெல்லாக மாறும் பொருள் வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

இரண்டு இடத்திலும் ஜெல் மட்டுமே மருந்தாகிவிடாது. கொடிக்குக் கொழுகொம்பு நட்டுக் கொடுப்பதுதான் நாம் செய்வது, ஏற வேண்டியது கொடி. இதை மறந்துவிட்டு எழுதப்படும் ஆய்வுத் திட்டங்கள் ஜெல்லிடம் எட்டாத வேலையை எதிர்பார்க்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தை மாணவர்களுக்கு மட்டுமல்ல, இதைப் படிக்கக்கூடிய குடும்பங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்குப் போய்ப் பார்த்தால் தண்டுவடக் காயம் ஒரு வீட்டை என்ன செய்துவிடும் என்று புரியும். அந்த வீடுகளைக் குறிவைத்து, 'ஊசி போட்டால் நடக்கலாம்' என்று ஆசை காட்டுபவர்கள் இருக்கிறார்கள். தண்டுவடத்தை மறுபடி வளரச் செய்யும் என்று அனுமதி பெற்ற ஊசி வழி ஜெல் எதுவும் சந்தையில் இல்லை. இந்தியாவில் ஸ்டெம் செல் ஊசியும் அப்படியே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறிகள், ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றதை முறையான மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. பரிசோதனையில் சேர்க்கிறோம் என்று சொல்லி நோயாளியிடம் பெரிய தொகை கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபைப்ரின்: உடலே போட்டுக்கொள்ளும் பாலம்

எலியின் காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பில் 10 மி.மீ. இடைவெளி விட்டு, காலியான சிலிக்கோன் குழாயை வைத்துத் தைத்துவிட்டு, வேறொன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்? 1980-களிலேயே இதைப் பார்த்துவிட்டார்கள். முதலில் இரண்டு முனைகளிலிருந்தும் திரவம் கசிந்து குழாயை நிரப்புகிறது. சில நாட்களில் அதில் உள்ள ஃபைப்ரினோஜென் (ஃபைப்ரினின் மூலப் புரதம்) உறைந்து, முனைக்கு முனை ஒரு ஃபைப்ரின் வடமாக நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஷ்வான் செல்கள் நகர்ந்து வருகின்றன, அவற்றின் பின்னாலேயே ஆக்ஸான்கள். இடைவெளியை 15 மி.மீ. ஆக்கிவிட்டால் பெரும்பாலும் அந்த வடம் உருவாவதில்லை, நரம்பும் வந்து சேர்வதில்லை. வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவில் நிற்பது அந்த ஃபைப்ரின் வடம்தான். அது உருவாகாத தூரத்துக்கு நாமே அதைக் கொண்டுபோய் வைக்கலாம் என்பது எனக்கு மற்ற எந்த வாதத்தையும்விட நேரான வாதமாகப் படுகிறது.

இதற்கு நீண்ட மருத்துவப் பின்னணியும் உண்டு. ஜே.இசட். யங்கும் பீட்டர் மெடவாரும் புற நரம்புகளை ஃபைப்ரினால் ஒட்டுவது பற்றி 1940-இலேயே எழுதினார்கள். மெடவார் பிற்பாடு நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக 1960-இல் நோபல் பரிசு பெற்றவர். இன்றைக்கும் தோள்பட்டை நரம்புப் பின்னலில் ஒட்டுப்போடும் அறுவை மருத்துவர்கள் ஃபைப்ரின் பசையைக் கையில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஆய்வகத்தில் செய்துபார்க்கும் பொருள் மருத்துவருக்குப் புதியதல்ல என்பது பின்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஆனால் அறுவை அரங்கில் இருக்கும் பசையை அப்படியே குழாய்க்குள் செலுத்தினால் காரியம் கெட்டுவிடும். நம் ரத்தத்தில் ஃபைப்ரினோஜென் ஒரு மில்லிலிட்டருக்கு 2 முதல் 4 மில்லிகிராம். விற்பனைக்கு வரும் பசைகளில் அது 70 முதல் 100 மில்லிகிராம்வரைகூட இருக்கும். பசை ஒட்டுவதற்காகச் செய்தது, நடந்துபோவதற்காக அல்ல. அவ்வளவு அடர்த்தியான வலைக்குள் ஆக்ஸான் நுனி நுழைய முடியாமல் திணறும். கோழிக் கருவின் முதுகு வேர் முடிச்சுகளை (தண்டுவடத்தை ஒட்டிய நரம்புச் செல் திரள்களை) வெவ்வேறு அடர்த்தி ஃபைப்ரினில் வளர்த்த ஆய்வுகளில், வலை அடர அடர நரம்பு இழையின் நீளம் குறைந்துகொண்டே போவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே நீர்க்க வையுங்கள். எவ்வளவு நீர்ப்பது என்பதை இதே கோழிக் கருச் சோதனையில் நீங்களே கண்டுபிடிக்கலாம். மளிகைக் கடையில் வாங்கும் நாமக்கல் முட்டை கருவுறாதது, அதை இன்குபேட்டரில் வைத்துப் பயனில்லை. குஞ்சு பொரிப்பதற்கென்று விற்கும் முட்டை வேண்டும் என்று பண்ணையில் கேட்டு வாங்க வேண்டும். எட்டாம் நாள் கரு தோதாக இருக்கும்.

ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரினாக்கும் நொதியான த்ராம்பினின் அளவும் உங்கள் கையில் இருக்கிறது. அதிகம் போட்டால் சட்டென்று உறைந்து, மெல்லிய இழைகளும் நெருக்கமான வலையுமாக நிற்கும். குறைவாகப் போட்டால் மெதுவாக உறைந்து, தடித்த இழைகளும் அகலமான துளைகளுமாக இருக்கும். நரம்புக்கு வேண்டியது இரண்டாவது. செய்முறை இப்படி: இரட்டைச் சிரிஞ்சின் ஒரு பக்கம் ஃபைப்ரினோஜென், மறு பக்கம் கால்சியம் சேர்த்த த்ராம்பின். இரண்டும் முனையில் கலந்ததும், கண்ணாடி போலத் தெளிவாக இருந்த சொட்டு வெளுத்துக் கலங்கும். அப்படிக் கலங்குவதற்குள் அது குழாய்க்குள் போய்விட்டிருக்க வேண்டும். ஒரு நொடி தயங்கிவிட்டு மறுபடி அழுத்தினால் ஊசியின் முனையில் வெள்ளை இழை தொங்கும், அடுத்த சொட்டு வராது. த்ராம்பினைக் குறைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியும் சேர்ந்தே குறையும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஃபைப்ரின் சீக்கிரம் கரையும். பிளாஸ்மின் என்ற நொதி அதை நாள் கணக்கில் தின்றுவிடும், அந்த நொதியைத் தடுக்கும் அப்ரோட்டினின் சேர்த்துத்தான் வாரக் கணக்குக்கு இழுக்க வேண்டும். மனித ஃபைப்ரினோஜெனை எலிக்குள் வைத்தால் எலியின் உடல் அதை அந்நியமாகப் பார்க்கும், அதனால் நீங்கள் காணும் வீக்கத்தில் ஒரு பங்கு அதனால் வந்ததாக இருக்கலாம். மாட்டு த்ராம்பின் மனிதர்களில் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கி, ரத்தப்போக்குச் சிக்கல் வரை கொண்டுபோன கதையும் உண்டு, அதனால் மனித த்ராம்பினே நல்லது. தண்டுவடத்துக்கும் ஃபைப்ரினைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஹெப்பாரின் வழியாக வளர்ச்சிக் காரணிகளைப் பிணைத்து மெல்ல விடுவிக்கும் ஷெல்லி சாகியாமா-எல்பெர்ட் குழுவின் வேலை அதில் முக்கியமானது. இருந்தாலும் குழி உண்டாகி நிலைக்கும் காலத்தை ஒப்பிட்டால் ஃபைப்ரின் அங்கே அவசரப்பட்டுக் கிளம்பிவிடுகிறது என்பேன்.

கொலாஜனும் சென்னை வெயிலும்

இந்த ஊரில் கொலாஜனை ஒதுக்குவது மனதுக்குக் கஷ்டமான காரியம். கொலாஜனின் மூவிழைச் சுருள் அமைப்பை ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் 1954-இல் முன்வைத்தது சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொலாஜனைப் பிரித்தெடுப்பது, தூய்மைப்படுத்துவது, அதன் தரத்தைச் சோதிப்பது என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் பஸ் ஏறிப் போய்க் கேட்க ஆள் உண்டு. ஒரு ஆய்வு மாணவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. தவிர, விலங்குக்கூடத்தில் மற்ற பரிசோதனைகள் முடிந்து கழிக்கப்படும் எலிகளின் வால் தசைநாணிலிருந்தே அசிட்டிக் அமிலத்தில் கரைத்து நல்ல கொலாஜன் எடுக்கலாம். செலவும் குறைவு.

செல்கள் அதில் ஒட்டும், வளரும், உடல் அதைக் கரைத்துக்கொள்ளும். சிக்கல் வெப்பத்தில். அமிலத்தில் குளிராக இருக்கும்வரை திரவமாக இருக்கும் கொலாஜன், நடுநிலைக்குக் கொண்டுவந்து சூடேற்றியதும் இழைகளாகக் கூடி ஜெல்லாகிவிடும். உடம்புக்குள் 37 டிகிரியில் அது நடக்க வேண்டும் என்றுதான் நாம் விரும்புகிறோம். ஐரோப்பிய, அமெரிக்கக் கட்டுரைகளில் 'அறை வெப்பநிலையில் வைத்துச் செலுத்தினோம்' என்று படித்துவிட்டு இங்கே அப்படியே செய்யாதீர்கள். அவர்கள் அறை 20, 22 டிகிரி. மே மாதத்தில் ஏ.சி. ஓடாத நம் அறை 33, 34 டிகிரிக்குப் போய்விடும். லேபிலிருந்து விலங்குக்கூடத்துக்கு நடந்து, எலிக்கு மயக்கம் கொடுத்து, தோலைப் பிரித்து நரம்பை எடுப்பதற்குள் சிரிஞ்சுக்குள்ளேயே ஜெல் தயாராகியிருக்கும். அந்த ஜெல்லை அழுத்தித் தள்ளினால் உடைந்த துண்டுகள்தான் போகும், வலை போகாது. கொலாஜனை மட்டும் ஐஸில் வைத்தால் போதாது. சிரிஞ்ச், ஊசி, பிப்பெட் முனை எல்லாவற்றையும் ஐஸில் வையுங்கள். நடுநிலையாக்குவதை அறுவை மேசைக்குப் பக்கத்தில், நரம்பு கண்ணுக்குத் தெரிந்த பிறகு செய்யுங்கள்.

மீன் தோல் கொலாஜன் ஆசை இந்தக் கடற்கரையில் யாருக்கும் வரும். குளிர்க்கடல் மீனின் கொலாஜன் 20 டிகிரிக்கும் கீழேயே குலைந்துவிடும், நம் வெப்பக்கடல் மீனுடையது 30-க்குச் சற்று மேல்வரை தாங்கும். மனித உடம்பு 37. உள்ளே போனதும் ஜெலட்டினாகிவிடும் பொருளை, வேதிப்பிணைப்புப் போடாமல், இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

கொலாஜன் ஜெல்லை நான் தள்ளுவதற்குக் கடைசிக் காரணம் அதன் இழைகளுக்குத் திசை இல்லை என்பது. குழாய்க்குள் எப்படியோ கிடக்கும் இழைகளில் ஆக்ஸான் சுற்றி அலைகிறது, சில சமயம் காலிக் குழாயைவிட மோசமான பலன்கூட வருகிறது. இழுத்தும் ஓடவிட்டும் இழைகளை நேராக்கும் வழிகள் உண்டு. ஆனால் அவற்றில் பல, ஊசியில் போகும் எளிமையைப் பறித்துவிடுகின்றன. தண்டுவடத்தில் ஹயலுரானிக் அமிலத்தோடு சிறிதளவு கொலாஜன் கலப்பது வேறு கதை. அதை நான் வரவேற்பேன்.

மற்றவை

காசிமேட்டில் இறால் ஓட்டுக்குப் பஞ்சமில்லை, அதனால் கைட்டோசான் மலிவு என்று பலர் அதில் இறங்குகிறார்கள். குழாயாகச் செய்தால் கைட்டோசான் உண்மையிலேயே சிறந்தது. ஜெல்லாகச் செய்வதற்கு பீட்டா-கிளிசரோஃபாஸ்ஃபேட் என்ற உப்பைச் சேர்க்க வேண்டும். 2000-இல் வெளியான அந்த முறையில் கரைசல் உடல் சூட்டில் சில நிமிடங்களில் உறையும். ஆனால் உப்பு அதிகமானால் செல்கள் நீரிழந்து சாகும், உப்பைக் குறைத்தால் உறைய நேரமாகும். நரம்புச் செல் இந்தப் பேரத்துக்குத் தோதான செல் அல்ல. இதோடு, அசிட்டைல் நீக்கிய அளவு (தயாரிப்பில் எவ்வளவு அசிட்டைல் தொகுதி அகற்றப்பட்டது என்பது) பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். போன பாட்டிலில் வந்த பலன் இந்தப் பாட்டிலில் வராது. மலிவு என்பதற்காக மட்டும் இதை எடுக்காதீர்கள்.

ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து வருவது. கால்சியம் பட்டதும் உறையும். பாலூட்டிகளிடம் அதைச் சிதைக்கும் நொதி இல்லை, செல் ஒட்டுவதற்கு அதில் பிடிமானமும் இல்லை. மருந்தைப் பொதிந்து வைக்கலாம், பாதையாக வைக்க வேண்டாம்.

மேட்ரிஜெல்லில் எல்லாச் செல்லும் அழகாக வளரும். அது சுண்டெலிப் புற்றுக் கட்டியிலிருந்து எடுத்தது, நோயாளிக்கு ஒருபோதும் போக முடியாது. தட்டில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளலாம், அதோடு சரி.

தலைமுடிக் கெரட்டினைப் பற்றி ஒரு வார்த்தை. மனித முடியிலிருந்து எடுத்த கெரட்டின் ஜெல்லைக் குழாய்க்குள் நிரப்பி, சுண்டெலிகளில் நரம்பு வேகமாக மீண்டதாக மார்க் வான் டைக் குழு 2008-இல் வெளியிட்டது. முடி ஏற்றுமதி பெருந்தொழிலாக நடக்கும் நம் பக்கத்தில் இதில் ஆழமாக இறங்க ஒருவர் வந்தால் நான் சந்தோஷப்படுவேன். சாயமோ கெமிக்கலோ படாத முடியைத் தேடிப் பிடிப்பதிலிருந்து வேலை தொடங்கும். பொறுமை உள்ளவருக்கு நல்ல தலைப்பு.

மின்கடத்தும் ஜெல்கள் இப்போது பெருவாரியாக வருகின்றன: பாலிபைரோல், பெடாட், கிராஃபீன் கலந்தவை. நரம்பு மின்சாரத்தில் இயங்குகிறது, அதனால் மின்கடத்தும் பொருள் உதவும் என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. நரம்பில் ஓடுவது சோடியம், பொட்டாசியம் அயனிகள். ஈரமான எந்த ஜெல்லிலும் அவை ஏற்கனவே ஓடுகின்றன. கரையாமல் உள்ளே தங்கிவிடும் துகள் பத்து வருடம் கழித்து என்ன செய்யும் என்ற கேள்விக்கு உங்கள் ஆய்வுக்காலத்தில் பதில் சொல்ல முடியாது. முதல் பட்டத்துக்கு வேண்டாம்.

தண்டுவடத்துக்கு ஹயலுரானிக் அமிலம்

மூளையிலும் தண்டுவடத்திலும் செல்களுக்கு இடையே இருக்கும் பொருளில் கொலாஜன் மிகக் குறைவு. அங்கே நிறைந்திருப்பது ஹயலுரானிக் அமிலம். ஆகவே அது அங்கே விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். இரண்டாவது, மென்மை. இந்தத் திசுவின் விறைப்பு சில நூறு பாஸ்கல் முதல் சில கிலோபாஸ்கல் வரைதான். 2006-இல் ஆடம் எங்லர் குழு, 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் மென்மையுள்ள ஜெல்லில் வளர்ந்த ஸ்டெம் செல்கள் நரம்புச் செல்லின் சாயலை எடுப்பதைக் காட்டியது. ஹயலுரானிக் ஜெல்லை இந்த அளவுக்குள் கொண்டுவருவது சுலபம். மூன்றாவது, ஊசிக்குள் அழுத்தம் வரும்போது இளகி ஓடும், அழுத்தம் போனதும் மறுபடி தடிக்கும். முழங்கால் மூட்டுக்கும் கண் அறுவைக்கும் பல வருடங்களாகப் பயன்பட்டு வருவதால், மருத்துவத் தரத்தில் தூய்மையானதே கிடைக்கிறது.

மூலக்கூறின் நீளத்தை மட்டும் கவனிக்க வேண்டும். நீளமான சங்கிலி வீக்கத்தை அடக்கும், உடைந்த சின்னத் துண்டுகள் வீக்கத்தைக் கிளப்பும். 'ஹயலுரானிக் அமிலம்' என்று மட்டும் எழுதி ஆர்டர் போடாதீர்கள், மூலக்கூறு எடையைக் குறிப்பிடுங்கள். எண்டோடாக்சின் (வீக்கத்தைக் கிளப்பும் பாக்டீரிய நச்சு) அளவையும் கேட்டு வாங்குங்கள்.

தனியாக விட்டால் ஹயலுரானிடேஸ் என்ற நொதி அதைச் சீக்கிரம் கரைத்துவிடும். இதற்கு டொராண்டோவில் மாலி ஷாய்செட்டும் சார்லஸ் டேட்டரும் 2006-இல் காட்டிய வழி எனக்குப் பிடித்தமானது: மெத்தில்செல்லுலோஸோடு கலப்பது. மெத்தில்செல்லுலோஸ் சூட்டில் உறையும் இயல்புள்ளது, ஹயலுரானிக் அமிலம் ஊசியில் ஓட வைக்கும். வேதிவினை எதுவும் தேவையில்லை, தண்டுவட உறைக்குள் செலுத்தி அங்கேயே மருந்தைத் தங்கவைக்கலாம். குழிக்குள் பாதையாக வேண்டுமென்றால் செல்லுக்குப் பிடிமானம் தரும் லாமினின் புரதமோ கொலாஜனோ சேர்க்க வேண்டும், ஏனென்றால் வெறும் ஹயலுரானிக் அமிலத்தில் செல் ஒட்டாது.

எந்தப் பொருளாக இருந்தாலும் உப்புவது தண்டுவடத்தில் ஆபத்து. கையில் ஜெல் நீர் குடித்துக் கொஞ்சம் பருத்தால் சுற்றிலும் இடம் உண்டு. தண்டுவடம் எலும்புக் குழாய்க்குள் அடைபட்டிருப்பது, பருக்கும் ஜெல் நல்ல நார்களை நசுக்கும். பாலிஎத்திலீன் கிளைகால் ஜெல்களில் இதை விசேஷமாகப் பாருங்கள். எலியின் தண்டுவடம் சுமார் 3 மி.மீ. தடிமன்தான், அதில் சில மைக்ரோலிட்டர்களை, மெல்லிய ஊசியில், நிமிடக் கணக்கில் மெல்ல விட வேண்டும். அடிபட்ட உடனே செலுத்துவதைவிட, வீக்கம் வடிந்து குழி உருவாகத் தொடங்கும் ஓரிரு வாரம் கழித்துச் செலுத்துவதே குழி நிரப்பும் ஜெல்லுக்குப் பொருத்தம்.

பெப்டைடுகளை அரைமனதோடுதான் தள்ளுகிறேன். வெட்டப்பட்ட பார்வை நரம்புப் பாதையில் தானாகவே இழைகளாகக் கூடும் ராடா-16 பெப்டைடை விட்டு ஹாம்ஸ்டர்களுக்கு (எலி போன்ற கொறிவிலங்கு) ஓரளவு பார்வை திரும்பியதை 2006-இல் ரட்லெட்ஜ் எல்லிஸ்-பென்கேயும் கூட்டாளிகளும் காட்டினார்கள். 2021-இல் சாமுவேல் ஸ்டப் குழு இன்னும் ஒரு படி போனது. கடுமையான தண்டுவடக் காயம்பட்ட சுண்டெலிகளுக்கு மறுநாள் ஒரே ஒரு ஊசி, நான்கு வாரத்தில் அவை நடந்தன. மூலக்கூறுகள் அதிகம் அசையும்படி வடிவமைத்த ஜெல் நன்றாக வேலை செய்தது என்பதுதான் அதில் புதுமை. என் ஆசையெல்லாம் இந்த வழியில்தான். ஆனால் தனியாகச் சொல்லிச் செய்யும் பெப்டைடு மில்லிகிராம் கணக்கில் வரும், முறையான எலிக் குழுக்களுக்குப் போதுமான அளவு வாங்க ஒரு சாதாரண உதவித்தொகை தாங்காது. ராடா-16 கரைசல் கடும் அமிலம் என்பதால் சமன்செய்யாமல் உள்ளே விடவும் கூடாது. பெரிய நிதி கைக்கு வந்திருந்தால் தயங்காமல் இதையே எடுங்கள்.

நல்ல எலிப் பலன் மனிதர்வரை வராமல் போவதற்கும் தயாராக இருக்க வேண்டும். அமெரிக்க நிறுவனமான இன்விவோ தெரப்யூடிக்ஸ் தண்டுவடக் காயத்துக்காகச் செய்த, கரையும் பாலிமர் தாங்குசட்டகம் ஊசி வழியானது அல்ல, அறுவையில் வைப்பது. பல வருட உழைப்புக்குப் பிறகு, 2023-இல் அதன் மருத்துவப் பரிசோதனை முதன்மை இலக்கை எட்டவில்லை.

ஆர்டர் போடும் முன்

கிருமி நீக்கத்தைப் பற்றி முதல் நாளே யோசியுங்கள், நிறைய பேர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஆட்டோகிளேவில் வைத்தால் கொலாஜன் ஜெலட்டினாகும், ஹயலுரானிக் அமிலமும் ஆல்ஜினேட்டும் சங்கிலி உடைந்து நீர்த்துப்போகும். கெட்டியான கரைசல் 0.22 மைக்ரான் வடிகட்டியில் இறங்காது. நீர்த்த நிலையில் வடிகட்டி, உறைய வைத்து உலர்த்தி, வேண்டும்போது கிருமி நீக்கிய தண்ணீரில் கரைப்பதே நம்பகமான வழி. உலர்ந்த பொடி நம் ஊர்க் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், எடை தப்பாகக் காட்டும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைத்து, திறந்தவுடன் எடை போட்டுவிடுங்கள்.

இரண்டு காயத்தில் எது என்று இன்னும் தயங்குபவருக்கு: முதல் முறையாக விலங்கைத் தொடுகிறீர்கள், மூன்று நான்கு வருடம்தான் இருக்கிறது என்றால் புற நரம்பை எடுங்கள். தண்டுவடம் காயப்பட்ட எலிக்குச் சிறுநீர் தானாகப் போகாது. காலையும் மாலையும், ஞாயிறு பொங்கல் தீபாவளி பார்க்காமல், வயிற்றை மெல்ல அழுத்தி எடுத்துவிட ஆள் வேண்டும். ஒரு வேளை தவறினாலும் அந்த உயிர் வதைபடும். முறை வைத்துப் பார்க்க இரண்டு மூன்று பேர் இல்லாத லேபில் இந்தப் பரிசோதனையைத் தொடங்குவது நியாயமில்லை.

கடைசியாக ஒப்பீட்டுக் குழுக்கள். புற நரம்பில் காலிக் குழாய், ஜெல் நிரப்பிய குழாய் இரண்டை மட்டும் வைத்துவிட்டு முடிக்காதீர்கள். வெட்டிய நரம்பையே திருப்பி வைத்துத் தைக்கும் ஒட்டுக் குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுவை மருத்துவர் உங்கள் ஜெல்லை ஒப்பிடப்போவது அதோடுதான். இடைவெளி 15 மி.மீ. இருக்கட்டும், 10 மி.மீ.யில் காலிக் குழாயே தேறிவிடும். தண்டுவடத்தில் உப்புக் கரைசல் செலுத்திய குழு கட்டாயம் வேண்டும். ஏனென்றால் மிதமாக நசுங்கிய எலி எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சில வாரங்களில் ஓரளவு கால் ஊன்றும், 0 முதல் 21 வரையுள்ள பிபிபி நடை அளவீட்டில் அதன் எண் தானாகவே ஏறும். எந்தக் கூண்டில் எந்த எலி என்று தெரியாத ஒருவர் அந்த எண்ணைப் போட வேண்டும், ஜெல்லைச் செலுத்தியவர் போடக் கூடாது. அந்த ஆள் யார் என்பதை முதல் எலி வருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.